போர்க்காலத்தில் உண்மை சொன்னவர்களும் அவர்களைச் சுற்றியிருந்த பாட்டும் பரபரப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சகிப்புத்தன்மை, போர் ரகசியங்களை அம்பலப்படுத்துவது, வெகுஜனப் பண்பாடு: இந்த மூன்றையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

சகிப்புத்தன்மை என்றதும் வேறு மதத்தையும் வேறு பழக்கத்தையும் பொறுத்துக்கொள்வதுதான் நம் நினைவுக்கு வருகிறது. அது தேவைதான். ஆனால் அதைவிடக் கடினமான பொறுமை ஒன்று உண்டு. நம் படையின் சீருடையை அணிந்த ஒருவரே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, "நம்மவர்கள் செய்தது கொலை" என்று சொன்னால் அதைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமை அது. செவி கைக்கும் அந்தச் சொல்லை ஒரு சமூகம் எப்படி வாங்கிக்கொண்டது என்பதை அறிய நாடாளுமன்ற உரைகளை மட்டும் படித்தால் போதாது. அந்த வாரம் எந்தப் பாட்டு விற்றது, வானொலி எதை நிறுத்தியது, உணவகப் பட்டியலில் எந்தப் பெயர் மாறியது என்றும் பார்க்க வேண்டும். மக்கள் மனம் ஒளிவுமறைவில்லாமல் பதிவாகியிருப்பது அங்கேதான்.

முப்பது ஆண்டுகள் கழித்துக் கொடுக்கும் பதக்கத்தை வைத்து ஒரு நாட்டின் சகிப்புத்தன்மையை அளக்க முடியாது. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாளில் உண்மை சொன்னவரை அது எப்படி நடத்தியது என்பதுதான் அளவுகோல். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த நம்பிக்கையோடு எழுதப்பட்டவை.

ஒற்றனும் ரகசியத்தைத்தான் கொடுக்கிறான், போர் ரகசியங்களை அம்பலப்படுத்தும் இவர்களும் ரகசியத்தைத்தான் கொடுக்கிறார்கள். என்ன வேறுபாடு?

ஒற்றன் எதிரிக்குச் சொல்கிறான். தான் சொன்னது ஒருபோதும் வெளியே தெரியக்கூடாது என்பதே அவன் கவலை. இவர்கள் சொந்த நாட்டு மக்களுக்குச் சொல்கிறார்கள். ஊரறியத் தெரிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்களில் பலர் எடுத்த எடுப்பில் பத்திரிகைக்கு ஓடியவர்கள் அல்லர். வியட்நாம் போர் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தயாரித்த ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை 1969-இல் நகலெடுத்த டேனியல் எல்ஸ்பர்க், முதலில் ஃபுல்பிரைட், மெக்கவர்ன் போன்ற செனட்டர்களைத்தான் நாடினார். அவர்கள் யாரும் வெளியிட முன்வராத பிறகே நியூயார்க் டைம்ஸ் இதழுக்குப் போனார். 2010-இல், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்கு ஆவணங்களை அனுப்பிய அமெரிக்கப் படைவீரர் செல்சி மேனிங்கும் அதற்கு முன் இரண்டு பெரிய நாளிதழ்களைத் தொடர்புகொள்ள முயன்றதாக ராணுவ நீதிமன்றத்தில் கூறினார். உள்ளே இருக்கும் கதவுகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான் பெரும்பாலும் வெளிக்கதவு திறக்கிறது.

மி லாய் படுகொலை எப்படி வெளியே வந்தது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பலருக்குப் படுகொலை தெரிந்திருக்கிறது. அதை வெளிக்கொண்டு வந்தவர்களைத் தெரியவில்லை.

1968 மார்ச் 16 காலை, தென் வியட்நாமின் மி லாய் குடியிருப்புக்குள் அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி நுழைந்தது. எதிர்த்துச் சுட அங்கே யாரும் இல்லை. முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். வியட்நாம் தரப்பின் கணக்கு 504 பேர். அமெரிக்க ராணுவ விசாரணையின் கணக்கு 347.

மேலே ஒரு சிறிய கண்காணிப்பு ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் ஹியூ தாம்ஸன், வயது 24. உடன் கிளென் ஆண்ட்ரியோட்டா, லாரன்ஸ் கோல்பர்ன் என்ற இரண்டு வீரர்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு மருத்துவ உதவி வரட்டும் என்று தாம்ஸன் புகைக்குண்டு போட்டு இடத்தை அடையாளம் காட்டினார். திரும்பி வந்து பார்த்தால் அவர் அடையாளம் காட்டியவர்கள் சுடப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு ஒரு பதுங்குகுழியில் சிலர் ஒளிந்திருப்பதையும் அதை நோக்கி அமெரிக்க வீரர்கள் நடந்து வருவதையும் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். "இவர்கள் அந்த மக்களைச் சுட்டால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள்" என்று தன் வீரர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். குழியில் இருந்தவர்களைக் கையசைத்து வெளியே அழைத்தார். தன் ஹெலிகாப்டரில் இடமில்லாததால், போர் ஹெலிகாப்டர் ஓட்டிய நண்பர்களை வானொலியில் கூப்பிட்டு அந்த மக்களை ஏற்றி அனுப்பினார். பிணங்கள் நிறைந்த ஒரு கால்வாயில் ஏதோ அசைவதைக் கண்டு மறுபடி இறங்கினார்கள். ஆண்ட்ரியோட்டா உள்ளே இறங்கி உயிரோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்.

தளத்துக்குத் திரும்பிய தாம்ஸன் ஆத்திரத்தோடு மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அதன் பிறகே சுடுவதை நிறுத்த உத்தரவு போனது. ஆனால் வெளியே போன ராணுவச் செய்தி, எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டதாகச் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த வேலை ஓராண்டுக்கு மேல் நடந்தது.

அதை உடைத்தவர் அன்று அந்த ஊரிலேயே இல்லாத ஒருவர். ரான் ரைடனவர் என்ற இளம் வீரர், அங்கே இருந்த நண்பர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, சொன்னவை எல்லாம் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்தார். போர்முனையிலிருந்து திரும்பிய பிறகு, 1969 மார்ச் 29 அன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்பட சுமார் 30 பேருக்குக் கடிதம் எழுதினார். பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை, சிலர் விடவில்லை. விசாரணை தொடங்கியது. நவம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் அதை உலகறியச் செய்தார். ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லி தன் சொந்தக் கேமராவில் எடுத்திருந்த வண்ணப் படங்களும் அதே மாதம் வெளிவந்தன.

பார்த்தவர் தடுத்தார், கேட்டவர் எழுதினார், படம் வைத்திருந்தவர் கொடுத்தார், செய்தியாளர் தேடிப் போனார். ஒற்றை வீரன் கதை இது அன்று.

கொலைக் குற்றவாளியைப் புகழ்ந்து பாட்டு வந்தது உண்மையா?

உண்மை. 1971 மார்ச் 29 அன்று, 22 பேரைக் கொன்ற குற்றத்துக்காக லெப்டினன்ட் வில்லியம் கேலி தண்டிக்கப்பட்டார். அந்த நிகழ்வில் குற்றம் உறுதியான ஒரே மனிதர் அவர்தான். கேலியைக் கடமை தவறாத வீரனாகச் சித்திரிக்கும் ஓர் இசைத்தட்டு அந்த நாட்களில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அடிமைமுறைக்கு எதிராக நின்ற வடக்குப் படையினர் உள்நாட்டுப் போரில் பாடிய புகழ்பெற்ற பாடலின் மெட்டையே அதற்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். விடுதலைக்காகப் பாடிய மெட்டில், கைக்குழந்தைகளையும் விட்டுவைக்காத படுகொலையில் தண்டனை பெற்றவரைப் பாடியதை என்னால் இன்றும் ஆறிய மனத்தோடு நினைக்க முடியவில்லை.

கேலப் கருத்துக்கணிப்பில் 79 சதவீதம் பேர் தீர்ப்பை ஏற்கவில்லை என்றார்கள். அதிபர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து எடுத்து வீட்டுக்காவலில் வைக்க உத்தரவிட்டார். ஜார்ஜியா மாநில ஆளுநர், வண்டிகள் முகப்பு விளக்கை எரியவிட்டபடி ஓட வேண்டும் என்று கேட்டு, அமெரிக்கப் போர்வீரர் நாளை அறிவித்தார். அந்த ஆளுநர் ஜிம்மி கார்ட்டர். 2002-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆயுள் தண்டனை படிப்படியாகக் குறைந்து, 1974-இல் கேலி வெளியே வந்தார்.

நேர்மையாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அந்த இசைத்தட்டை வாங்கியவர்கள் எல்லாரும் படுகொலையை ஆதரித்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று, தளபதிகள் தப்பிவிட்டதற்காகக் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். போரை எதிர்த்தவர்களில் சிலர்கூட அப்படி நினைத்தார்கள்.

ஆனால் தாம்ஸனுக்கு என்ன கிடைத்தது? காங்கிரஸின் ராணுவக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ், இந்த விவகாரத்தில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் சொந்த வீரர்கள் மீது துப்பாக்கியைத் திருப்பச் சொன்ன தாம்ஸனைத்தான் தண்டிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். தொலைபேசியில் கொலை மிரட்டல்கள் வந்தன. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் செத்த விலங்குகள் கிடந்தன. இவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார்.

கலைஞர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்தான் நின்றார்களா?

இல்லை. அந்தப் பாட்டுக்கு ஓராண்டுக்கு முன்பே, ஹேபர்லியின் படத்தை வைத்து நியூயார்க் கலைஞர்கள் ஒரு சுவரொட்டி தயாரித்தார்கள். பாதையில் கிடக்கும் உடல்கள், மேலே "கைக்குழந்தைகளையுமா?" என்ற கேள்வி, கீழே "கைக்குழந்தைகளையும்" என்ற பதில். இரண்டும், அங்கே இருந்த ஒரு வீரரைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்டபோது வந்த சொற்கள். சேர்ந்து வெளியிடுவதாக இருந்த நவீனக் கலை அருங்காட்சியகம் கடைசியில் பின்வாங்கியது. அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் உதவியோடு 50,000 படிகளை அச்சிட்டுக் கலைஞர்களே பரப்பினார்கள்.

2003 மார்ச் மாதத்தை ஏன் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள்?

ஈராக் போர் தொடங்குவதற்கு முந்தைய மூன்று வாரங்களில், முதல் கேள்வியில் சொன்ன மூன்று விஷயங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

மார்ச் 2 அன்று பிரிட்டனின் அப்சர்வர் இதழ் ஒரு ரகசிய மின்னஞ்சலை வெளியிட்டது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் எந்தப் பக்கம் வாக்களிப்பது என்று முடிவு செய்யாத நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவுமாறு, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பிரிட்டிஷ் உளவுத்துறையைக் கேட்டிருந்தது. அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி, பாகிஸ்தான் ஆகியவை அந்த நாடுகள். போருக்கு ஒப்புதல் வாங்கக் குறுக்குவழி தேடுகிறார்கள் என்று உணர்ந்து அதை வெளியே கொடுத்தவர், அந்த உளவுத்துறையில் சீன மொழிக்கான மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன்.

வெளியான அன்றே ஒரு விபரீதம் நடந்தது. இதழில் தட்டச்சு செய்தவர்கள் வழக்கப்படி அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்கர் எழுதியதில் பிரிட்டிஷ் எழுத்துகள் எப்படி வரும், இது போலி என்று இணையத்தில் கிளப்பிவிட்டார்கள். பேட்டி கேட்டிருந்த அமெரிக்கத் தொலைக்காட்சிகள் பின்வாங்கின. விளக்கம் வந்து சேர்வதற்குள் பரபரப்பு அடங்கிவிட்டது. நாடுகளின் தூதர்கள் ஒட்டுக்கேட்கப்படுவதைப் பற்றிய செய்தி, சில எழுத்துகளில் சிக்கிக்கொண்டது. அலுவலகத்தில் உடன் பணியாற்றியவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுவதைப் பொறுக்க முடியாமல், கன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார்.

மார்ச் 10 அன்று லண்டன் மேடையில் டிக்ஸி சிக்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடகி நடாலி மெய்ன்ஸ், இந்தப் போர் வேண்டாம் என்றும், அதிபர் தங்கள் டெக்சாஸ் மாநிலத்தவர் என்பதில் வெட்கப்படுவதாகவும் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். நாட்டுப்புற இசை ஒலிபரப்பும் வானொலிகள் வரிசையாக அவர்கள் பாடல்களை நிறுத்தின. லூசியானாவில் அவர்கள் இசைத்தட்டுகளைக் குவித்து டிராக்டரை ஏற்றி நசுக்கினார்கள். அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்து சரிந்த அவர்களுடைய பாடல், வியட்நாம் போரில் இறந்துபோன ஓர் இளம் வீரனுக்காக அழும் பெண்ணைப் பற்றியது. வீரர்களை மதிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் வானொலியிலிருந்து இறக்கப்பட்டது வீரனுக்கான பாட்டு.

மறுநாள், மார்ச் 11, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகங்களில் பிரெஞ்சு ஃப்ரைஸ் என்ற உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ரீடம் ஃப்ரைஸ், அதாவது "சுதந்திர வறுவல்" ஆனது. பிரான்ஸ் போரை எதிர்த்ததற்கான தண்டனையாம். இதற்கு முன்னோடிகள் உண்டு: முதல் உலகப் போரின்போது அமெரிக்காவில் சார்க்ராட் என்ற ஜெர்மானிய முட்டைக்கோசு ஊறுகாயை "சுதந்திர முட்டைக்கோசு" என்றார்கள், 1917-இல் பிரிட்டிஷ் அரச குடும்பமே தன் ஜெர்மானியப் பெயரை விட்டு வின்ட்சர் ஆனது. இப்படிப்பட்டவற்றைக் கேளிக்கை என்று ஒதுக்கிவிடக்கூடாது. உருளைக்கிழங்கின் பெயரில்கூட மாறுபட்ட கருத்தைத் தாங்க முடியாத நேரத்தில், கன் போன்ற ஒருவருக்கு யார் காதுகொடுப்பார்கள்?

மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. கன் மீது அந்த ஆண்டின் இறுதியில் வழக்குப் பதிந்தார்கள்; 2004 பிப்ரவரி 25 அன்று அரசுத் தரப்பு ஆதாரம் எதையும் முன்வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. இசைக்குழு 2007-இல் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. ஃப்ரைஸ் பெயர் மாற்றத்தை முன்னின்று ஆதரித்த உறுப்பினர்களில் ஒருவரான வால்டர் ஜோன்ஸ், இரண்டே ஆண்டுகளில் போருக்கு எதிரானார். போருக்கு வாக்களித்ததற்குப் பிராயச்சித்தமாக, இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு 11,000-க்கும் மேற்பட்ட கடிதங்களில் கையெழுத்திட்டார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. கூட்டத்தோடு சேர்ந்து கத்தியவர்களில் அப்படித் திரும்பி நின்றவர்கள் குறைவு.

ரகசியத்தை வெளியிட்டால் களத்தில் இருக்கும் வீரர்களின் உயிருக்கு ஆபத்து இல்லையா?

சில ரகசியங்களில் ஆபத்து உண்டு. படை எங்கே நகர்கிறது, உளவு சொல்பவர் யார் என்பவை மறைக்கப்பட வேண்டியவை. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. இதை எல்ஸ்பர்க்கே நன்றாக அறிந்திருந்தார். 47 தொகுதிகள் கொண்ட ஆவணத்தில், சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளை அவர் செய்தித்தாளுக்குக் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தை கெட்டுவிடக்கூடாது என்ற கவனம்.

மேனிங் விஷயம் வேறு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை ஒருவர் வரிக்கு வரி படித்துத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. 2011 செப்டம்பரில் தூதரகத் தகவல்களைப் பெயர்களைக்கூட மறைக்காமல் விக்கிலீக்ஸ் கொட்டியபோது, அதுவரை கூட்டாகப் பணியாற்றிய நாளிதழ்களே கண்டித்தன. அந்தக் கண்டனம் நியாயமானது. அதே சமயம், 2013-இல் மேனிங் வழக்கின் தண்டனை விசாரணையில், பாதிப்பை ஆராய்ந்த குழுவின் தலைவரான ராணுவ அதிகாரி ராபர்ட் கார், இந்த வெளியீட்டால் கொல்லப்பட்டதாக ஒருவரையும் குறிப்பிட்டுக் காட்ட முடியவில்லை என்று சாட்சி சொன்னார். வெளியிட்டவர்களின் "கைகளில் ரத்தம்" என்று முழங்கியவர்கள் இந்தச் சாட்சியத்தை அதே குரலில் சொல்லவில்லை.

மேனிங், பாப் பாடகி லேடி காகாவின் பாட்டுக்கு வாயசைத்தபடி ரகசியங்களை எடுத்தார் என்பது கட்டுக்கதையா?

2010 மே மாதத்தில் ஓர் இணைய உரையாடலில் அவரே எழுதியது அது. மீண்டும் எழுதக்கூடிய குறுவட்டின் மேல் லேடி காகா பெயரை எழுதிக்கொண்டு வந்து, பாட்டை அழித்துவிட்டு ஆவணங்களைப் பதிவு செய்ததாகவும், பாடலைக் கேட்பவரைப் போல வாயசைத்ததாகவும் அதில் சொன்னார். பாட்டுக் கேட்கும் சிப்பாயை யாரும் சந்தேகிக்கவில்லை.

வருத்தம் என்னவென்றால், பலருக்கு இது மட்டுமே நினைவிருக்கிறது. அந்தக் கோப்புகளில் ஒன்று, 2007 ஜூலை 12 அன்று பாக்தாத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டதில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவன ஊழியர்கள் இருவர் உட்படப் பலர் இறந்த காட்சி. காயம்பட்டவரை ஏற்ற வந்த வேனும் சுடப்பட்டது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அந்தக் காணொளியைக் கேட்டு ராய்ட்டர்ஸ் முறைப்படி விண்ணப்பித்தும் கிடைத்திருக்கவில்லை.

அம்பலப்படுத்தியவரின் அந்தரங்கம் ஏன் எப்போதும் தெருவுக்கு வருகிறது?

சொன்ன செய்தியை மறுக்க முடியாதபோது, சொன்னவரை மறுக்க வேண்டியிருக்கிறது. 1971 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் ஆட்கள் எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவருடைய அலுவலகத்தை உடைத்து நுழைந்தார்கள். அவர் மனநிலை சரியில்லாதவர் என்று காட்ட ஏதாவது அகப்படுமா என்ற தேடல். அந்தத் திருட்டு வெளிப்பட்டதும் வழக்கே கலைந்தது. 1973 மே 11 அன்று நீதிபதி எல்லாக் குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தார். நிரூபணமாகியிருந்தால் 115 ஆண்டுகள் வரை சிறை.

மேனிங் 2013 ஆகஸ்டில் 35 ஆண்டுத் தண்டனை பெற்ற மறுநாள், தான் ஒரு பெண் என்று அறிவித்தார். அவர் ஈராக்கில் பணியாற்றியபோது, தன்பால் ஈர்ப்பாளர்கள் அதை வெளியே சொன்னால் படையிலிருந்து நீக்கும் விதி நடப்பில் இருந்தது. 2011 செப்டம்பரில்தான் அது ஒழிந்தது. கண்டதையும் சொல்லக்கூடாது, தான் யார் என்பதையும் சொல்லக்கூடாது என்று ஒரே சீருடைக்குள் இரண்டு மௌனங்கள். அவர் செய்ததை எதிர்த்தவர்கள் அவருடைய பாலினத்தையே காரணமாக்கினார்கள். சகிப்பின்மை எங்கே தொடங்கினாலும் கடைசியில் மனிதரின் உடலிலும் உறவிலும்தான் கைவைக்கிறது. 2017-இல் ஒபாமா தண்டனையைக் குறைத்ததால் அவர் விடுதலையானார்.

முறையான வழியில் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டுதானே?

ஈராக்கில் அமெரிக்கப் படை நடத்திய அபு கிரைப் சிறையில் நடந்ததைச் சொன்ன அமெரிக்க வீரர் ஜோ டார்பி அந்த வழியில்தான் போனார். 2004 ஜனவரியில், உடன் பணியாற்றிய ஒருவர் கொடுத்த குறுவட்டில் கைதிகள் வதைக்கப்படும் படங்களைப் பார்த்துவிட்டு, ராணுவத்தின் குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் சேர்த்தார். பத்திரிகைக்குப் போகவில்லை. பெயர் வெளிவராது என்று உறுதி கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் யார் என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்த வாரங்களில், அவர் தலையணைக்கு அடியில் கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு தூங்கினார்.

மே 7 அன்று, நூற்றுக்கணக்கான வீரர்கள் நிறைந்த உணவுக்கூடத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் செனட் விசாரணை. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பாராட்டும் விதமாகவே டார்பியின் பெயரைச் சொல்லிவிட்டார். அங்கே இருந்த வீரர்கள் பலர் அவருக்குக் கைகொடுத்தார்கள். சொந்த ஊர் கொடுக்கவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவராக அங்கே பலர் அவரைப் பார்த்தார்கள். பாதுகாப்புக் காரணங்களால் அவரும் மனைவியும் திரும்பிப் போய் அங்கே வாழ முடியவில்லை. களத்தில் ஆபத்தைச் சந்தித்த வீரர்கள் பொறுத்துக்கொண்டதை, தூரத்தில் பத்திரமாக இருந்தவர்கள் பொறுக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தொடக்கம் நம்பிக்கை தருவது. அமெரிக்க விடுதலைப் போரின் நடுவிலேயே, கடற்படைத் தளபதி எசெக் ஹாப்கின்ஸ் மீது சாமுவேல் ஷா, ரிச்சர்ட் மார்வன் உள்ளிட்ட கடற்படையினர் புகார் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கைதிகளைக் கொடுமைப்படுத்தியது அதில் ஒன்று. தளபதி பதவியிழந்து, இருவர் மீதும் அவதூறு வழக்குப் போட்டார். 1778 ஜூலை 30 அன்று காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது: தவறு கண்டால் உடனே தெரிவிப்பது அரசுப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரின் கடமை. வழக்குச் செலவையும் அதுவே ஏற்றது. தோற்றுவிடக்கூடிய போரில் இருந்த ஒரு புதிய நாடு செய்தது இது. ஆனால் 1917-இல் அதே நாடு இயற்றிய உளவுச் சட்டத்தில், பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று வாதிட இடமில்லை.

பிரிட்டனில் 1985-இல் ஒரு வியப்பு நடந்தது. ஃபாக்லாந்து போரில் 323 பேரோடு மூழ்கடிக்கப்பட்ட அர்ஜென்டினாவின் ஹெனரல் பெல்கிரானோ போர்க்கப்பல் பற்றி நாடாளுமன்றம் தவறாக வழிநடத்தப்படுவதை, பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பாண்டிங் ஓர் உறுப்பினருக்குத் தெரிவித்தார். பொதுநலன் என்றால் ஆட்சியில் இருக்கும் அரசு சொல்வதுதான் என்று நீதிபதி விளக்கியும், பொதுமக்களிலிருந்து வந்த ஜூரிகள் அவரை விடுவித்தார்கள். 1989-இல் வந்த புதிய ரகசியச் சட்டம் அந்த வாதத்துக்கான கதவையே மூடியது.

ஆஸ்திரேலியாவில் ராணுவ வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடுக்கு 2024 மே மாதம் 5 ஆண்டு 8 மாதச் சிறை. அவர் கொடுத்த ஆவணங்களிலிருந்து, ஆப்கானிஸ்தானில் சிறப்புப் படையினர் செய்த கொலைகள் பற்றிய தொலைக்காட்சித் தொடர் செய்திகள் வந்தன. வீரர்கள் தேவையில்லாமல் விசாரிக்கப்படுகிறார்கள் என்பதே அவருடைய தொடக்கக் குறை. ஆவணங்கள் காட்டியது வேறு. 2020-இல் அரசின் பிரெரட்டன் அறிக்கையே 39 சட்டவிரோதக் கொலைகளுக்கு நம்பத்தக்க தகவல் இருப்பதாகச் சொன்னது. மெக்பிரைடு சிறை சென்ற நாளில், அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

எல்லாவற்றையும் சகித்துக்கொண்டால் சகிப்பே அழிந்துவிடும் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் சொல்லவில்லையா?

1945-இல் ஓர் அடிக்குறிப்பில் சொன்னார். ஆனால் இணையத்தில் சுற்றும் கேலிச்சித்திரம் அதில் பாதியைத்தான் காட்டுகிறது. வாதத்தாலும் பொதுக்கருத்தாலும் எதிர்கொள்ள முடிகிறவரை, சகிப்பற்ற கருத்துகளைக்கூட அடக்குவது புத்திசாலித்தனம் அன்று என்பது அதே குறிப்பில் உள்ளது. வாதத்துக்கே வர மறுத்து, கைமுட்டியாலும் துப்பாக்கியாலும் பதில் சொல்பவர்களைப் பற்றியதுதான் அவருடைய எச்சரிக்கை. அந்த அளவுகோலில் வைத்தால், வாசலில் செத்த விலங்கைப் போட்டவர்கள்தான் அதற்குள் வருவார்கள், தாம்ஸன் வரமாட்டார்.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொன்னதாக மேடைதோறும் முழங்கும், "உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற வாசகமும் அவருடையது அன்று. அவரைப் பற்றி 1906-இல் எழுதிய ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால், அவருடைய மனப்போக்கை விளக்க எழுதிய வரி.

திரைப்படங்கள் இவர்களுக்கு நியாயம் செய்கின்றனவா?

தாமதமாகச் செய்கின்றன, ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. கன் பற்றிய படம் 2019-இல் வந்தது. பென்டகன் ஆவணங்கள் பற்றி 2017-இல் வந்த ஹாலிவுட் படம் வாஷிங்டன் போஸ்ட்டை நடுவில் வைத்தது. ஆவணங்களை 1971 ஜூன் 13 அன்று முதலில் வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ். எல்ஸ்பர்க்கோடு இரவெல்லாம் நகலெடுத்து, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துச் சிறை சென்ற ஆண்டனி ருஸ்ஸோவை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? எல்ஸ்பர்க்கின் பிள்ளைகளும் அந்த வேலையில் உதவினார்கள். 13 வயது மகன் நகல் எடுத்தான். 10 வயது மகள், தாள்களின் ஓரத்தில் இருந்த "மிக ரகசியம்" என்ற வரியைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். ஏழாயிரம் பக்கங்களின் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமான இடம் அந்தக் கத்தரிக்கோல்தான்.

பின்னாளில் இவர்களிடம் யாராவது தவறை ஒப்புக்கொண்டார்களா?

சிலரிடம். 1998 மார்ச் 6 அன்று தாம்ஸனுக்கும் கோல்பர்னுக்கும், மி லாய்க்குப் பிறகு மூன்றே வாரத்தில் போரில் இறந்துவிட்ட ஆண்ட்ரியோட்டாவுக்கும் வாஷிங்டனில் வியட்நாம் நினைவிடத்தில் பதக்கம் வழங்கப்பட்டது. தன் வீரர்களுக்கும் சேர்த்து, பொது இடத்தில் தர வேண்டும் என்பதில் தாம்ஸன் பிடிவாதமாக இருந்தார். 2009-இல் கேலி, ஒரு சிறிய கூட்டத்தில், வருந்தாத நாளே இல்லை என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி ஜெர்மனி ரகசியமாக விமானப்படையை உருவாக்குவதைத் தன் இதழில் வெளியிட்டதற்காக, கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கி 1931-இல் தண்டிக்கப்பட்டார். நாஜிகள் அவரை வதைமுகாமில் அடைத்தார்கள். 1935-க்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வாங்கப் போக விடவில்லை. 1938-இல் காவலிலேயே இறந்தார். அவருடைய மகள் அந்தத் தீர்ப்பை மறு விசாரணை செய்யக் கேட்டார். 1992-இல், ஜனநாயக ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தத் தண்டனை இன்றும் சட்டப்படி நிற்கிறது.